பறக்கும் படகுகளின் கதை

ஆகாய விமானம் என்று சொன்னவுடன் நீண்ட ஓடுபாதையும், அதன்மேல் உருண்டோடும் சக்கரங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஓடுபாதை இல்லாமல் விமானமா என்று இன்றைய மாணவர் வியக்கக்கூடும். ஆனால் 1914ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம், உலகின் மிகப் பெரிய விமானங்கள் பலவற்றுக்குச் சக்கரமே கிடையாது. ஏரியிலும் ஆற்றிலும் துறைமுகத்திலும் அவை வந்து இறங்கின. கப்பலைப் போல் மிதந்து நின்றன. பிரயாணிகள் சிறு படகில் ஏறிச் சென்று அவற்றின் வாயிலை அடைந்தனர். பறக்கும் படகுகள் என்பது அவற்றின் பெயர். இவ்வகை விமானத்தின்மீது பிரிட்டிஷார் வைத்த நம்பிக்கை பெரிது. அந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு பலித்தது, பின்னர் ஏன் சில ஆண்டுகளுக்குள்ளேயே பொய்த்துப் போயிற்று என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். சாதாரண விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவை இருந்த இடத்தில் இரண்டு மிதவைகளைப் பூட்டினால் அது மிதவை விமானம். பறக்கும் படகு அத்தகையதன்று. அதன் உடலே படகு. இறக்கைகளின் நுனிப் பக்கம் தொங்கும் சிறு மிதவைகள் அது ஒருபுறமாகச் சாயாமல் காப்பதற்கு மட்டுமே.

இவ்வுடலை அமைப்பதில் ஒரு பெருஞ் சிக்கல் உண்டு. குழாயிலிருந்து ஒரே சீராக விழும் நீர்த்தாரையின் அருகே ஒரு கரண்டியின் புடைத்த முதுகை மெல்லக் கொண்டுபோய்ப் பாருங்கள். நீர் அதைத் தள்ளிவிடும் என்றே எதிர்பார்ப்பீர்கள். நடப்பது நேர்மாறு, நீர்த்தாரை கரண்டியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். வகுப்பில் நான் பல முறை செய்து காட்டிய சோதனை இது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் நம்பாமல் தாங்களே கரண்டியைப் பிடித்துப் பார்த்தார்கள். வளைந்த அடிப்பாகத்தோடு விரையும் படகையும் நீர் இவ்வாறே பற்றிக்கொண்டு எழும்பவிடாமல் தடுக்கிறது. அடிப்பாகத்தின் நடுவே குறுக்காக ஒரு படி வெட்டிவிட்டால், அவ்விடத்தில் நீரின் பிடி அறுபடுகிறது, காற்று உட்புகுகிறது, படகு தன் முற்பகுதியின்மீது மட்டும் வழுக்கி ஓடி, வேகம் பெற்று மேலெழுகிறது. அலையே இல்லாமல் நீர் கண்ணாடிபோல் கிடக்கும் நாளில் எழும்புவது இன்னுங் கடினம். அத்தகைய நாட்களில் மோட்டார்ப் படகொன்றை முன்னே ஓட்டி நீரைக் கலக்கிவிடுவதும் வழக்கமாக இருந்தது.

பிரிட்டனில் இந்த வித்தையை வளர்த்தவர் ஜான் சிரில் போர்ட் என்னும் கடற்படை அதிகாரி. காசநோய் காரணமாகக் கடற்படையிலிருந்து விலக நேர்ந்தவர் அவர். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளென் கர்டிஸ் என்பவரோடு சேர்ந்து, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைப் பறந்து கடப்பதற்கென்றே ஒரு பெரிய பறக்கும் படகை உருவாக்கினார். 'அமெரிக்கா' என்று அதற்குப் பெயரிட்டனர். ஆகஸ்டு மாதத்தில் புறப்படத் திட்டம். அதே ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. போர்ட் தாய்நாடு திரும்பினார்; நோயையும் பொருட்படுத்தாது மீண்டும் பணியில் சேர்ந்தார்; அவர் சொல்லின்பேரில் பிரிட்டிஷ் கடற்படையினர் அந்தப் படகையே விலைக்கு வாங்கினார்கள்.

ஆனால் அமெரிக்க ஏரியில் பிறந்த படகுக்கு வட கடலின் அலைகளைத் தாங்கும் வலிமை இல்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பீலிக்ஸ்டோ என்னும் தளத்தின் தலைவராயிருந்த போர்ட், இறக்கைகளை வைத்துக்கொண்டு அடிப்பாகத்தைத் தாமே புதிதாக வகுத்தார். படியின் இடத்தை மாற்றி, வடிவை மாற்றி, மீண்டும் மீண்டும் சோதித்தார். அதன் பயனாகத் தோன்றியவையே பீலிக்ஸ்டோ வரிசைப் படகுகள்.

1917ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தளத்தினர் வகுத்த ரோந்து முறைக்குச் 'சிலந்தி வலை' என்று பெயர். வட கடலின் நடுவே நங்கூரமிட்டிருந்த ஒரு விளக்குக் கப்பலை மையமாகக் கொண்டு, 60 கடல் மைல் குறுக்களவுள்ள எண்கோணம் ஒன்றைப் படத்தில் வரைந்தார்கள். மையத்திலிருந்து எட்டு மூலைகளுக்கும் கோடுகள். அவற்றை இணைக்கும் குறுக்குக் கோடுகள். பார்ப்பதற்குச் சிலந்தி வலையேதான். ஏறத்தாழ 4,000 சதுர மைல் கடல் இந்த வலைக்குள் அடங்கியது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீரின் மேலே ஓடித்தான் இப்பகுதியைக் கடந்தன. அதற்குப் பத்து மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு பறக்கும் படகு வலையின் கோடுகளின் வழியே பறந்து பெரும்பகுதியைப் பார்வையிட்டுவிடும். படகு கடலில் வீழ்ந்து, கம்பியில்லாத் தந்தியும் செயலற்றுப் போனால் செய்தி சொல்வதற்குப் புறாக்களைக் கூடையில் வைத்து எடுத்துச் சென்றார்கள். வீழ்ந்த படகு தேடி வருவோர் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமென்று உடலெங்கும் பளிச்சென்ற வண்ணப் பட்டைகள் தீட்டினார்கள்.

இத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தோம் என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட கணக்குகள் பலவும் பின்னாளில் ஜெர்மானிய ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. அதனால் அம்முயற்சி வீண் என்று நான் கருத மாட்டேன். வானில் விமானத்தைக் கண்ட நீர்மூழ்கி உள்ளே அமிழ்ந்தே ஆக வேண்டும். அமிழ்ந்த நீர்மூழ்கி மெல்ல ஊர்கிறது, அதன் மின்கலத்தின் சக்தி தீர்கிறது. மூழ்கடித்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் காவலின் பயனை அறியார். போர்ட் 1919ஆம் ஆண்டு தம் 35ஆம் வயதில் காலமானார்.

யுத்தத்துக்குப் பின் வந்த சில ஆண்டுகளை விரைந்து கடப்போம். சவுதாம்ப்டன் நகரில் இருந்த சூப்பர்மரீன் கம்பெனியில் ஆர். ஜே. மிட்செல் என்னும் இளைஞர் பறக்கும் படகுகளை வகுத்து வந்தார். 1922இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்தில் அவருடைய படகு வென்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ் பெற்ற ஸ்பிட்பயர் போர்விமானத்தின் தந்தை இவரே என்றால், நீரில் கற்ற பாடம் எங்கெல்லாம் பயன்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். 1927இல் இவர் வகுத்த நான்கு 'சவுதாம்ப்டன்' படகுகள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரை அடைந்து, ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுற்றி, ஏறத்தாழ 27,000 மைல் பறந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஷார்ட் சகோதரர்கள் கம்பெனியார் 'கல்கத்தா' என்று பெயரிட்ட தங்கள் பிரயாணிப் படகை லண்டன் மாநகரின் நடுவே, தேம்ஸ் நதியிலேயே கொண்டுவந்து இறக்கி நிறுத்தினர். பார்லிமெண்டு அங்கத்தினர்கள் சென்று பார்த்து வந்தார்கள்.

இனி நம் கதையின் உச்சிக்கு வருகிறோம். 1934ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு தபால் திட்டத்தை அறிவித்தது. சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதிக்குச் செல்லும் சாதாரணக் கடிதங்கள் அனைத்தையும், தனிக் கட்டணம் எதுவும் இன்றி, ஆகாய மார்க்கமாகவே அனுப்புவது என்பது அத்திட்டம். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒன்றரைப் பென்னி. இவ்வளவு தபாலையும் சுமப்பதற்கு இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் ஷார்ட் கம்பெனியிடம் 28 பறக்கும் படகுகளுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அப்பொழுது அந்தப் படகு காகிதத்தில் வரைபடமாக மட்டுமே இருந்தது! மாதிரிக்கு ஒன்று செய்து பார்க்கவும் அவகாசம் இல்லை. வகுத்தவர் ஆர்தர் கூஜ். முதற்படகாகிய 'கனோபஸ்' 1936 ஜூலையில் பறந்தது. அதன் இறக்கை 114 அடி, நான்கு எஞ்சின்கள், உடலில் இரண்டு தட்டுகள். மேல் தட்டில் விமானிகளும் தபால் மூட்டைகளும்; கீழ்த் தட்டில் 24 பிரயாணிகள். எழுந்து உலாவவும், சன்னலோரக் கைப்பிடியில் சாய்ந்து நின்று கீழே ஓடும் நாடுகளைக் காணவும் ஓர் அறை தனியாக இருந்தது. எல்லாப் படகுகளின் பெயரும் ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்தில் தொடங்கின.

பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்தப் படகு சென்ற வழியைப் பின்பற்றிப் பாருங்கள். சவுதாம்ப்டனில் புறப்பட்டு, மார்செல்ஸ், ரோமாபுரிக்கு அருகிலுள்ள பிராச்சியானோ ஏரி, ஏதென்ஸ், அலெக்ஸாந்திரியா. அங்கிருந்து கலிலேயக் கடல், ஈராக்கில் ஹப்பானியா ஏரி, பஸ்ரா, பஹ்ரைன், கராச்சி. கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கடல் ஏது? உதயபுரத்துக்கு வடக்கே ராஜசமந்த் ஏரி, குவாலியரில் மாதவ சாகரம், அலகாபாத்தில் ஆறு, கல்கத்தாவில் ஹூக்ளி நதி. ராஜசமந்த் ஏரி பதினேழாம் நூற்றாண்டில் மேவார் மன்னர் மகாராணா ராஜசிங்கர் பஞ்ச காலத்தில் கட்டுவித்தது. கூலிக்கு மண் சுமந்த குடிகள், தங்கள் ஏரி ஒரு நாள் ஆகாய விமானத் துறையாகும் என்று கனவிலும் எண்ணியிருப்பார்களா? கல்கத்தாவிலிருந்து ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் வழியாகப் படகு சிட்னி வரை சென்றது. சென்னைக்கும் கொழும்புக்கும் உரிய தபாலைக் கராச்சியில் பெற்றுக்கொண்டு வந்தவை டாட்டா கம்பெனியின் சிறு விமானங்கள்.

ஏன் நிலத்தில் இறங்கும் விமானங்களை வாங்கவில்லை என்ற கேள்வி எழும். சாம்ராஜ்யத்தின் பெருநகரங்கள் பலவும் கப்பலை நம்பி வளர்ந்தவை. ஆகவே நீர்க்கரையில் அமைந்தவை. அங்கெல்லாம் அக்காலத்து விமான நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு புல்வெளிதான். மழைக்காலத்தில் 18 டன் எடையுள்ள விமானம் அதில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். நீருக்கோ சேறு இல்லை. ஓடுவதற்கு எல்லையும் இல்லை. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் 1934இலேயே லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில், டச்சுக்காரரின் டக்ளஸ் விமானம் பிரயாணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு, சக்கரங்களின்மீதே ஓடி, இரண்டாவதாக வந்து சேர்ந்தது. வரப்போவது எது என்பதை அப்பொழுதே அது காட்டிவிட்டது என்பது என் எண்ணம். மேலும், நீர் செலவில்லாதது என்பதும் முழு உண்மையன்று. ஒவ்வொரு துறையிலும் மோட்டார்ப் படகுகள், மிதவைகள், எண்ணெய்த் தோணிகள், இரவில் நீர்மேல் விளக்கு வரிசை, மிதந்து வரும் மரக்கட்டைகளை விலக்க ஆட்கள் எல்லாம் வேண்டும். ஆப்பிரிக்காவில் நீர்யானைகளைக்கூட விரட்ட வேண்டியிருந்தது.

விபத்துகளும் நேர்ந்தன. 1938 நவம்பரில் 'கல்பூர்னியா' ஹப்பானியா ஏரியில் நொறுங்கியது. 1939 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து பெர்முடா சென்ற 'கவலியர்' படகின் எஞ்சின்கள் பனி உறைந்து சக்தி இழந்தன. கடலில் இறங்கிய படகு உடைந்து அமிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் மூவர் மாண்டனர். எஞ்சியோர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பத்து மணி நேரம் மிதந்து, எண்ணெய்க் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டனர். படகு என்ற பெயர் நடுக்கடலில் காப்பாற்றிவிடாது என்பதை உலகம் அறிந்துகொண்டது.

அதே ஆண்டு மார்ச்சு மாதம் நடந்த மற்றொரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'கார்சேர்' என்னும் படகு விக்டோரியா ஏரியிலிருந்து வடக்கே ஜூபா நோக்கிச் சென்றது. திசை காட்டும் கருவி பழுதுபட்டிருந்தது. வழி தவறி, பெட்ரோலும் தீரும் நிலையில், விமானி கீழே ஓர் ஆற்றைக் கண்டு இறக்கினார். அது பெல்ஜியக் காங்கோவின் டங்கு ஆறு. சாமர்த்தியமாகவே இறக்கினார்; ஆனால் நீருக்கடியில் இருந்த பாறை படகின் அடியைக் கிழித்துவிட்டது. உயிருக்குச் சேதம் இல்லை. படகைக் கைவிட மனமின்றிக் கம்பெனியார் காட்டின் நடுவே ஆட்களை அனுப்பிச் செப்பனிட்டனர். முதன்முறை எழும்ப முயன்றபோது மீண்டும் பாறையில் மோதியது. மீண்டும் செப்பனிட்டார்கள். ஆற்று நீரின் ஆழம் போதாது என்று கண்டு, கிராமத்து மக்களைக் கொண்டு ஆற்றின் குறுக்கே அணையொன்று கட்டி, ஏரியையே உண்டாக்கினார்கள்! 1940 ஜனவரியில், பத்து மாதங்களுக்குப் பின், 'கார்சேர்' எழும்பிப் பறந்தது. விடாமுயற்சிக்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓடுபாதை வேண்டாத விமானத்துக்காக ஓர் ஏரியைக் கட்டினார்கள் என்பதையும் நான் மறப்பதில்லை. உழைத்த ஆப்பிரிக்க மக்களின் பெயர்களைப் புத்தகங்களில் காண்பது அரிது.

இதற்குள் இரண்டாம் உலக யுத்தம் வந்துவிட்டது. தபால் படகின் உடன்பிறப்பாக அதே கம்பெனி உருவாக்கிய போர்ப் படகுதான் சண்டர்லாண்ட். 1937இல் முதன்முதல் பறந்தது. மொத்தம் 749 கட்டப்பட்டன. உள்ளே சமையலறை உண்டு, படுக்கைகள் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கடலின்மேல் சுற்றிவரும். நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டுகளை உடலுக்குள் வைத்து, வேண்டும்போது தண்டவாளம் போன்ற அமைப்பின்வழி இறக்கையின் கீழ் நகர்த்துவார்கள். 1939 செப்டம்பரில், யுத்தம் தொடங்கி மூன்று வாரம் ஆகுமுன்னரே, மூழ்கிக்கொண்டிருந்த 'கென்சிங்டன் கோர்ட்' என்ற சரக்குக் கப்பலின் மாலுமிகள் 34 பேரை, இரண்டு சண்டர்லாண்டுகள் கடலில் இறங்கி ஏற்றிக்கொண்டு திரும்பின.

1943 ஜூன் 2ஆம் நாள் பிஸ்கே வளைகுடாவின்மேல், காலின் வாக்கர் என்னும் ஆஸ்திரேலியர் ஓட்டிச் சென்ற தனி ஒரு சண்டர்லாண்டை ஜெர்மானிய விமானங்கள் எட்டு வளைத்துக்கொண்டன. முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. எட்டில் மூன்று வீழ்ந்தன. படகிலோ எண்ணற்ற துளைகள். ஒரு எஞ்சின் நின்றுவிட்டது. வீரர் ஒருவர் இறந்துவிட்டார். அந்த நிலையில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை எட்டி, மணலோரத்து நீரில் இறங்கி மற்றவர்கள் உயிர் தப்பினார்கள்.

நம் பக்கத்துக் கடலுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. இலங்கையில் காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி பறக்கும் படகுகளின் பெருந் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் அங்கிருந்து சென்ற கனடிய விமானி லியோனர்ட் பர்ச்சால், அமெரிக்காவில் கட்டப்பட்ட காட்டலினா என்னும் படகிலிருந்து, ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அங்கே எதிர்பார்த்திருந்தார்கள். பர்ச்சால் கைதியாகி, யுத்தத்தின் பின் உயிரோடு நாடு திரும்பினார். சென்னை மக்களுக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியும் அந்த யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் காட்டலினாப் படகுகளுக்குத் தளமாயிற்று. அவ்வழியே பஸ்ஸில் செல்லும் மாணவர்கள் இதை நினைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தால், பாடப்புத்தகத்திலுள்ள யுத்தம் சற்று அருகில் வந்துவிடும். 1944இல் கொக்கலையிலிருந்து சென்ற இரண்டு சண்டர்லாண்டுகள், பர்மாக் காடுகளின் நடுவே இந்தாஜி ஏரியில் இறங்கி, காயமுற்றும் நோயுற்றும் கிடந்த போர்வீரர்கள் 500 பேருக்கு மேல் ஏற்றி, அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா நதியில் கொண்டுவந்து சேர்த்தன. ஓடுபாதைக்கு வழியே இல்லாத இடம் அது. பறக்கும் படகின் பெருமையை நிலைநாட்ட இந்த ஒரு பணியே போதும் என்பேன்.

இவ்வாறு யுத்தம் அவற்றுக்குப் புகழ் தந்தது. அதே யுத்தம் அவற்றின் தேவையையும் அழித்தது. குண்டு வீசும் கனத்த விமானங்களுக்காகவும் படைகளை ஏற்றிச் செல்வதற்காகவும், ஐஸ்லாந்து முதல் பசிபிக் தீவுகள் வரை உலகெங்கும் கெட்டியான நீண்ட ஓடுபாதைகள் போடப்பட்டன. யுத்தமில்லாத காலத்தில் எந்தச் சர்க்காரும் இத்தனை பணத்தை இதற்காகச் செலவிட்டிராது. அட்லாண்டிக்கின் நடுவே, விமானக் காவல் எட்டாதிருந்த பகுதியை 1943இல் அடைத்தவையும் நிலத்திலிருந்து எழும்பிய லிபரேட்டர் விமானங்களே. கப்பலின் அடிப்பாகம் போன்ற பருத்த உடலைக் காற்றில் இழுத்துச் செல்லும் சுமை சக்கர விமானத்துக்கு இல்லை. சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்டால் போதும்.

எனினும் ஒரு விசித்திரமான வேலை பாக்கி இருந்தது. 1948இல் சோவியத் நாட்டார் பெர்லின் நகரத்துக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தபோது, இருபது லட்சம் மக்களுக்கு வேண்டிய அனைத்தும் விமானத்திலேயே சென்றன. உப்பை யார் சுமப்பது? சாதாரண விமானத்தில் சிந்திய உப்பு தரைக்கடியில் ஓடும் கம்பிகளையும் தகடுகளையும் அரித்துவிடும். கடலிலேயே வாழ்ந்த சண்டர்லாண்டுக்கு உப்பு பழகிய பொருள். துருப்பிடிக்காத பூச்சு உண்டு. கட்டுப்பாட்டுக் கம்பிகளும் கூரைப் பக்கத்தில் ஓடின. ஆகவே ஹாம்பர்க்கில் எல்ப் ஆற்றிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பெர்லினில் ஹாவல் ஏரியில் இறங்கின. திரும்பும்போது குழந்தைகளை ஏற்றி வந்தன. டிசம்பரில் நீர் உறையும் காலம் வரும் வரை இது நடந்தது.

பிரிட்டிஷ் அரசாங்க விமானக் கம்பெனி 1950இல் பறக்கும் படகுகளை விட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே சாண்டர்ஸ்-ரோ கம்பெனியிடம் மூன்று ராட்சதப் படகுகளுக்கு உத்தரவு கொடுத்தாகிவிட்டது. 'பிரின்சஸ்' என்பது பெயர். 219 அடி இறக்கை, பத்து எஞ்சின்கள், 105 பிரயாணிகளுக்கு இடம். 1952 ஆகஸ்டில் முதற்படகு அழகாகப் பறந்தது. வாங்குவதற்குத்தான் யாரும் இல்லை. மற்ற இரண்டும் பறக்கவே இல்லை. மூன்றையும் உறையிட்டுக் கரையில் நிறுத்தி வைத்து, 1967இல் உடைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானப் படையின் கடைசிச் சண்டர்லாண்டுகள் 1959 மே மாதம் சிங்கப்பூரில் ஓய்வு பெற்றன.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்டு ஹோ என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கே அக்காலத்தில் ஓடுபாதை இருக்கவில்லை. பவளத் திட்டால் சூழப்பட்ட அமைதியான நீர் உண்டு. யுத்தம் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள், பழைய சண்டர்லாண்டைப் பிரயாணிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்த படகுகள் சிட்னியிலிருந்து அத்தீவுக்குப் போய்வந்து கொண்டிருந்தன. 1974இல் தீவில் விமானத்தளம் அமைந்தது. அவ்வாண்டே படகுச் சேவை நின்றது. அப்படகுகளில் ஒன்று இப்பொழுது சவுதாம்ப்டன் நகரத்துக் காட்சிசாலையில், நீரைவிட்டு வெகு தூரம் போகாமல், கூரையின் கீழ் நிற்கிறது.